செரிக் சபியேவ்: லண்டனின் சிறந்த குத்துச்சண்டை வீரரைப் பற்றி

கேள்வி: 2012 லண்டன் ஒலிம்பிக்கில் லோமசென்கோ, உசிக், அந்தோணி ஜோஷுவா மூவரும் தங்கம் வென்றார்கள். ஆனால் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பை கஜகஸ்தானின் செரிக் சபியேவ் என்பவருக்குப் போயிருக்கிறது. யார் இவர்? அந்த மூவரின் பெயரையும் உலகமே அறியும். இவரை மட்டும் யாரும் பேசுவதில்லையே, ஏன்?

பதில்:

இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். சபியேவ் ஒரு தொழில்முறைப் போட்டியில்கூட ஆடவில்லை. நீங்கள் குறிப்பிட்ட மூவரும் லண்டனுக்குப் பிறகு தொழில்முறைக்குச் சென்று உலகப் பட்டங்களை வென்றார்கள். சபியேவோ ஒலிம்பிக் தங்கத்தோடு, 28 வயதில், கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டார். தொலைக்காட்சியும் பந்தயப் பணமும் சூழ்ந்த தொழில்முறை உலகமே ஒரு வீரரின் பெயரை ஊரெங்கும் கொண்டுசெல்கிறது என்பதால், அதற்குள் நுழையாதவர்கள் சில ஆண்டுகளில் மறக்கப்படுவது வழக்கமாகிவிட்டது. அமெச்சூர் குத்துச்சண்டையைத் தொழில்முறைக்கான பயிற்சிக்கூடமாக மட்டும் பார்க்கும் பழக்கம் தவறானது என்பது என் உறுதியான எண்ணம். அந்தத் தவறை விளங்கிக்கொள்ள சபியேவின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்தவரை இல்லை. அதனால் முதல் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

சபியேவ் 1983 நவம்பர் 16 அன்று, அன்றைய சோவியத் கஜகஸ்தானின் கரகண்டா மாகாணத்தில் உள்ள அபாய் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். கரகண்டா நிலக்கரிப் படுகையைச் சேர்ந்த சுரங்க நகரம் அது. அந்தப் படுகை குத்துச்சண்டைக்கும் பேர்போனது: 2003இல் பாங்காக்கில் அமெச்சூர் உலகப் பட்டமும் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளியும் வென்று, பின்னர் தொழில்முறையில் நடுத்தர எடைப்பிரிவின் பெரும்பெயராக விளங்கிய கென்னடி கொலோவ்கினும் கரகண்டாக்காரர்தான். சபியேவை உருவாக்கியவர் அலெக்சாண்டர் ஸ்த்ரெல்னிக்கோவ் என்ற பயிற்சியாளர்.

கஜகஸ்தானில் குத்துச்சண்டை நாடு விடுதலை அடைந்த பிறகு முளைத்த விளையாட்டு அல்ல. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காக லைட் வெல்டர்வெயிட் பிரிவில் வெள்ளி வென்ற செரிக் கொனக்பாயேவ் ஒரு கஜக் வீரர். அவருடைய அதே முதற்பெயரோடு, ஏறத்தாழ அதே எடைப்பிரிவில், கால் நூற்றாண்டு கழித்து சபியேவ் எழுந்தார். 1996 அட்லாண்டாவில் வசிலி ஜிரோவ் லைட் ஹெவிவெயிட் தங்கத்தையும் வால் பார்க்கர் கோப்பையையும் சேர்த்து வென்றபோது, தனிநாடாகக் களமிறங்கிய முதல் கோடைக்கால ஒலிம்பிக்கிலேயே கஜகஸ்தானின் குத்துச்சண்டைக்கு ஓர் அடையாளம் கிடைத்துவிட்டது.

சபியேவின் பெயர் உலக அரங்கில் பதிந்தது 2005இல், சீனாவின் மியான்யாங் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில். 64 கிலோ பிரிவின் இறுதியில் உஸ்பெகிஸ்தானின் தில்ஷோத் மஹ்முதோவை வென்று தங்கம் பெற்றபோது அவருக்கு வயது 22. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2007இல் சிகாகோவில், அதே பிரிவின் இறுதியில் ரஷ்யாவின் கென்னடி கொவல்யோவை வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அமெச்சூர் உலகப் பட்டத்தைத் தக்கவைப்பது எவ்வளவு கடினம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தொழில்முறைச் சாம்பியன் மாதக்கணக்கில் ஒரே எதிராளியைப் படித்து, ஒரே இரவுக்காகத் தன்னைத் தயார்செய்கிறார். அமெச்சூர் வீரருக்கு அந்த வசதி இல்லை. குலுக்கலில் யார் வருகிறார்களோ அவரோடு மோதி, ஒன்றிரண்டு நாளில் முற்றிலும் வேறொரு பாணிக்காரரோடு மீண்டும் மோதி, இரண்டே வாரத்துக்குள் ஐந்து அல்லது ஆறு ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தோற்காமல் கடைசிவரை போக வேண்டும். அன்றைய எட்டே நிமிட ஆட்டத்தில் ஒரு மோசமான சுற்று வந்தாலும் எல்லாம் முடிந்துவிடும்.

இந்த எட்டு நிமிடக் கலையில் சபியேவ் எதைச் செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள, அன்றைய புள்ளிக் கணக்கு முறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் தென் கொரிய வீரரைத் தெளிவாக அடித்து ஆடியும் தோற்றதாக அறிவிக்கப்பட்டது பெரும் அவக்கேடானது. நடுவர்களின் தன்னிச்சையைக் கட்டுப்படுத்த அதன்பின் கணினி முறை வந்தது. 1992 பார்சிலோனாவில் தொடங்கி 2012 லண்டன் வரை ஒலிம்பிக்கில் அதுவே நடப்பில் இருந்தது. வளையத்தைச் சுற்றி அமர்ந்த ஐந்து நடுவர்களுக்கும் சிவப்பு, நீலம் என இரண்டு பொத்தான்கள் கொடுக்கப்பட்டன. ஒரு குத்து சரியாக விழுந்ததாக ஐவரில் மூவராவது ஒரு விநாடிக்குள் அழுத்தினால்தான் ஒரு புள்ளி. எவ்வளவு வலுவாக அடித்தாலும் அதே ஒரு புள்ளிதான். எதிராளியைத் தரையில் வீழ்த்தினாலும் அதற்கென்று கூடுதல் புள்ளி கிடையாது.

இந்த முறையைப் பலர் வெறுத்தார்கள். தொட்டுவிட்டு ஓடும் ஆட்டத்தையும், ஒற்றைக் குத்துகளை எண்ணிக்கொண்டு காலத்தைக் கடத்தும் ஆட்டத்தையும் அது வளர்த்தது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. கைகலப்பில் தொடுத்து அடிக்கும் ஐந்தாறு குத்துகளில் நடுவர்களின் விரல்கள் ஒன்றைத்தான் பிடிக்கும் என்பதால், தொடர்குத்துகளால் பயனில்லை என்று பல அணிகள் முடிவெடுத்தன. சபியேவ் அந்த முறைக்குள் இருந்துகொண்டே அழகாக ஆடினார் என்பதுதான் அவருடைய தனிச்சிறப்பு. இடதுகைக்காரரான அவர் வலது கையை முன்னே நீட்டித் தூரத்தை அளப்பார்; எதிராளி உள்ளே வர ஆசைப்படும் இடைவெளியை வேண்டுமென்றே விட்டுவைப்பார்; அவர் வந்ததும் ஓர் அடி பின்வாங்கி, குத்து காற்றில் போன அந்த நொடியில் இடதுகை நேர்குத்தைத் தொடுப்பார். எல்லாத் திசையிலிருந்தும் நடுவர்களுக்குத் தெரியும்படி, திறந்த வெளியில், சுத்தமாக விழும் குத்து அது. அதோடு நிறுத்தாமல், கோணத்தை மாற்றிக்கொண்டு மேலும் இரண்டு மூன்று குத்துகளைச் சேர்த்துவிட்டு, எதிராளியின் பதில் வருவதற்குள் அங்கிருந்து நகர்ந்திருப்பார். பார்வையாளர்களின் கண் அவருடைய கைகளில் இருக்கும். வேலையைச் செய்வது கால்கள்.

இரண்டு முறை உலகச் சாம்பியன் என்ற பெயரோடு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போனவரிடம் நாடே தங்கத்தை எதிர்பார்த்தது. காலிறுதியில் அவருக்கு எதிரே வந்தவர் தாய்லாந்தின் மனுஸ் பூன்ஜும்நோங், 2004 ஏதென்ஸில் இதே பிரிவில் தங்கம் வென்றவர். மனுஸின் பாணியும் காத்திருந்து அடிப்பதுதான். இரண்டு எதிர்க்குத்துக்காரர்கள் சந்தித்தால் இருவருமே மற்றவர் முதலில் நகரட்டும் என்று காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஆட்டத்தில் முதலில் ஓரிரு புள்ளி முன்னிலை பெறுபவருக்கே எல்லா வசதியும், ஏனென்றால் பின்தங்கியவர் தன் இயல்புக்கு மாறாக முன்னேறிச் சென்று ஆட வேண்டியிருக்கும். மனுஸ் 7–5 என்ற கணக்கில் வென்றார். எட்டு நிமிடத்தில் இருவரும் சேர்ந்து பெற்ற புள்ளிகள் வெறும் பன்னிரண்டு. மனுஸ் இறுதிவரை சென்று வெள்ளி வாங்கினார். சபியேவ் பதக்கமே இல்லாமல் திரும்பினார். அதே பெய்ஜிங்கில், அடுத்த எடைப்பிரிவான 69 கிலோவில், அவருடைய அணித்தோழர் பகித் சர்செக்பாயேவ் இறுதியில் கியூபாவின் கார்லோஸ் பான்டோவை வென்று தங்கம் பெற்றார்.

பலருடைய வாழ்க்கை இந்த இடத்தில் இறங்குமுகமாகியிருக்கும். சபியேவ் எடைப்பிரிவை மாற்றினார். 64 கிலோவை விட்டு, சர்செக்பாயேவ் தங்கம் வென்ற அதே 69 கிலோ வெல்டர்வெயிட்டுக்கு ஏறினார். இது எளிய முடிவல்ல. 2004 ஏதென்ஸில் வெல்டர்வெயிட் தங்கத்தையும் வால் பார்க்கர் கோப்பையையும் வென்ற இன்னொரு கஜக் வீரர் பக்தியார் அர்தாயேவ், அடுத்த ஒலிம்பிக்கில் 75 கிலோவுக்கு ஏறி, பெய்ஜிங் காலிறுதியில் பிரிட்டனின் ஜேம்ஸ் டிகேலிடம் தோற்றிருந்தார். எடை கூடும்போது எதிராளியின் கை நீளமும் கூடும், குத்தின் கனமும் கூடும். தூரத்தையே மூலதனமாக வைத்து ஆடுபவர், தன் கணக்கு முழுவதையும் புதிதாகப் போட வேண்டும்.

அதே 2009இல் ஆட்டத்தின் அமைப்பும் மாறியது. இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு என்பது, மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று என்றாயிற்று. மொத்தத்தில் ஒரு நிமிடந்தான் கூடியது என்றாலும், ஓய்வில்லாமல் மூன்று நிமிடம் வேகத்தைக் காக்க வேண்டியிருந்ததால் உடல் வலிமைக்கு மதிப்பு உயர்ந்தது. அந்த ஆண்டு மிலானில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் சபியேவ் வெண்கலம் பெற்றார். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் சீனாவின் மைமைதிதுர்சுன் சியோங்கைச் சொந்த மண்ணிலேயே இறுதியில் வென்று தங்கம் எடுத்தார். 2011 பாக்கு உலகச் சாம்பியன்ஷிப்பில் மீண்டும் இறுதிக்குச் சென்று, உக்ரைனின் தராஸ் ஷெலெஸ்த்யுக்கிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார். ஆக, நான்கு உலகச் சாம்பியன்ஷிப்புகளில் இரண்டு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம், அதுவும் இரண்டு எடைப்பிரிவுகளில். ஆறு ஆண்டுகள் இந்த உயரத்திலேயே நிலைத்திருந்ததை நான் அவருடைய ஒலிம்பிக் தங்கத்துக்குச் சற்றும் குறையாத சாதனையாகக் கருதுகிறேன்.

பாக்கு காலிறுதியில் சபியேவ் வென்றது யாரை என்பதும் உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது. அமெரிக்காவின் எரோல் ஸ்பென்ஸ் அவர்; பின்னாளில் தொழில்முறை வெல்டர்வெயிட்டில் உலகப் பட்டம் வென்று, பல ஆண்டுகள் அந்தப் பிரிவையே ஆண்டவர். அதே பாக்குவில் நம் விகாஸ் கிருஷன் அரையிறுதியில் ஷெலெஸ்த்யுக்கிடம் தோற்று வெண்கலம் பெற்றார். லண்டன் வெல்டர்வெயிட் பிரிவு எவ்வளவு நெரிசலானது என்பதற்கும் இந்த இருவருமே சாட்சி: ஸ்பென்ஸை விகாஸ் வென்றதாக முதலில் அறிவித்து, அமெரிக்கர்களின் முறையீட்டுக்குப் பிறகு சில மணி நேரத்தில் முடிவை மாற்றியது இந்திய ரசிகர்களுக்கு இன்னும் ஆறாத காயம். அப்படி முன்னேறிய ஸ்பென்ஸ் காலிறுதியில் ரஷ்யாவின் ஆந்திரே சம்கவோயிடம் தோற்றார். அந்தச் சம்கவோயை அரையிறுதியில் சந்தித்தவர் சபியேவ்.

லண்டனில் சபியேவ் முதலில் துர்க்மெனிஸ்தானின் அலியஸ்கர் பஷிரோவை வென்றார். காலிறுதியில் வெனிசுலாவின் கேப்ரியல் மேஸ்ட்ரேயை 20–9 என்று தோற்கடித்தார். அரையிறுதியில் சம்கவோய் உயரமானவர், அவரும் இடதுகைக்காரர், தூரத்தில் நின்று ஆடத் தெரிந்தவர். அதாவது பெய்ஜிங்கில் சபியேவைச் சிக்கவைத்த அதே வகைப் புதிர். இம்முறை சபியேவ் காத்திருக்கவில்லை. எதிராளி எதைச் செய்ய விரும்புகிறாரோ அதை அவருக்கு முன்பே செய்தார். 18–12 என்று வென்றார். 2011இலிருந்து ஒரு விநாடி நிபந்தனை கைவிடப்பட்டு, நடுவர்கள் தனித்தனியே எண்ணியவற்றில் ஒன்றுக்கொன்று நெருக்கமான மூன்றின் சராசரியை எடுக்கும் வழக்கம் வந்திருந்ததால் லண்டனில் பொதுவாகவே புள்ளிகள் கூடின என்பது உண்மை. ஆனாலும் சபியேவின் ஆட்டமே நான்கு ஆண்டுகளில் மாறியிருந்தது என்பதை அந்த அரையிறுதியைப் பார்ப்பவர் எவரும் உணர்வார். என்னைக் கேட்டால், அவருடைய ஆகச் சிறந்த ஆட்டம் இறுதியல்ல, அதுதான்.

இறுதி ஆட்டம் 2012 ஆகஸ்ட் 12, ஒலிம்பிக்கின் கடைசி நாள். எதிரே பிரிட்டனின் ஃபிரெட் எவன்ஸ், வேல்ஸின் கார்டிஃப் நகரத்துக்காரர், 21 வயது, 2011இன் ஐரோப்பியச் சாம்பியன். காலிறுதியில் கனடாவின் கஸ்டியோ கிளேட்டனோடு 14–14 என்று சமன்செய்து, மொத்தக் குத்துகளை மீண்டும் எண்ணும் விதியால் பிழைத்து, அரையிறுதியில் ஷெலெஸ்த்யுக்கை ஒரே புள்ளியில் வென்று வந்திருந்தார். பாக்குவில் சபியேவை வென்றவரையே வீழ்த்திவிட்டு, சொந்த ரசிகர்களின் ஆரவாரத்தோடு எக்ஸெல் அரங்கில் நின்ற இளைஞரை எதிர்கொள்வது சிறிய காரியமல்ல. நடுவர்களின் விரல்கள் கூட்டத்தின் சத்தத்துக்கு ஆடும் என்பது அந்தக் காலத்தில் எல்லோரும் அஞ்சிய ஒன்று. சபியேவ் அந்த அச்சத்துக்கு இடமே தராத முறையில், குழப்பமில்லாத குத்துகளால் ஆட்டத்தைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு 17–9 என்று வென்றார். கஜகஸ்தானுக்கு அன்று இரட்டைத் தங்கம் கிடைத்திருக்கலாம். லைட் ஹெவிவெயிட் இறுதியில் அதில்பெக் நியாசிம்பெதோவ் ரஷ்யாவின் யெகோர் மெகோன்செவோடு 15–15 என்று சமன்செய்து, மறு எண்ணிக்கையில் தங்கத்தை இழந்தார்.

பின்னாளில் இந்தத் தங்கத்தின் மதிப்பு இன்னொரு விதத்தில் கூடியது. லண்டனில் கஜகஸ்தான் முதலில் ஏழு தங்கம் வென்றிருந்தது. அவற்றில் பளுதூக்குதலில் கிடைத்த நான்கும் ஊக்கமருந்து மறுசோதனைக்குப் பிறகு பறிக்கப்பட்டன. சைக்கிள் வீரர் வினோகுரோவ், மும்முறைத் தாண்டல் வீராங்கனை ஓல்கா ரிபகோவா ஆகியோரின் தங்கங்களோடு சபியேவுடையதும் நிலைத்து நின்றது.

இனி வால் பார்க்கர் கோப்பை. அது தங்கம் வென்றவர்களில் மிகப் புகழ்பெற்றவருக்கோ, அதிகம் பேரை வீழ்த்தியவருக்கோ தரப்படும் பரிசு அல்ல. அந்த ஒலிம்பிக்கில் ஆட்ட நேர்த்தியில் சிறந்து நின்றவருக்கு உரியது. 1936இல் முதன்முதலாக அதைப் பெற்ற அமெரிக்கர் லூயி லாரி வெண்கலம் மட்டுமே வென்றவர். 1988இல் அநியாயமாகத் தோற்கடிக்கப்பட்ட ராய் ஜோன்ஸுக்கும் அதுவே கொடுக்கப்பட்டது. லோமசென்கோ 2008இலேயே அதைப் பெற்றிருந்தார். லண்டனிலும் அற்புதமாக ஆடினார் என்பதில் ஐயமில்லை. ஜோஷுவாவின் நிலை வேறு. அரையிறுதியில் கஜகஸ்தானின் இவான் திச்கோவை 13–11 என்றும், இறுதியில் இத்தாலியின் கம்மரெல்லேயை 18–18 என்ற சமனுக்குப் பிறகு மறு எண்ணிக்கையிலும் வென்றவருக்கு அந்தக் கோப்பையைக் கொடுத்திருந்தால் அது நியாயமாகாது. அந்த அளவுகோலில் சபியேவ் தேர்வானது எனக்குச் சரியாகவே படுகிறது: காலிறுதி தொடங்கி இறுதிவரை மூன்று வெவ்வேறு பாணிக்காரர்களை ஆறு புள்ளிகளுக்குக் குறையாத இடைவெளியில், முறையீட்டுக்கு இடமின்றி வென்றிருந்தார். ஜிரோவ், அர்தாயேவ் இருவருக்கும் பிறகு அந்தக் கோப்பையைப் பெற்ற மூன்றாவது கஜக் வீரர் அவர்.

தொழில்முறைக்கு அவர் ஏன் போகவில்லை? ஜிரோவ் போய் 1999இல் குரூசர்வெயிட் உலகப் பட்டம் வென்றார். கொலோவ்கின் ஜெர்மனிக்கும் பின் அமெரிக்காவுக்கும் போய்ப் புகழின் உச்சியைத் தொட்டார். முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. ஆனால் 28 வயதில் தொடங்கும் ஒருவர் பன்னிரண்டு சுற்று ஆட்டத்துக்கு உடலைப் பழக்கி, சிறு அரங்குகளில் பெயர் வாங்கி, பட்டப் போட்டிவரை ஏறுவதற்குள் தன் வேகம் குறையத் தொடங்கிவிடும். தலைக்கவசமும் கனமான கையுறையும் இல்லாத உலகில், தூரத்தையும் வேகத்தையும் நம்பி ஆடியவருக்கு அது பெரிய ஆபத்து. கஜகஸ்தான் அரசு ஒலிம்பிக் தங்கத்துக்கு 2,50,000 டாலர் பரிசு வழங்கியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே அமெச்சூர் வீரர் வறுமையோடு விடைபெறுவதில்லை. சபியேவ் ஓய்வுக்குப் பிறகு விளையாட்டு நிர்வாகத்துக்கு வந்தார். நாடாளுமன்றத்தின் கீழவையான மஜிலிஸில் உறுப்பினராகவும் இருந்தார்.

அவர் விட்ட இடமும் காலியாக இருக்கவில்லை. 2013இல் அல்மாட்டியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 69 கிலோ தங்கத்தை வென்றவர் கஜகஸ்தானின் டானியார் யெலியூசினோவ். 2016 ரியோவில் ஒலிம்பிக் தங்கமும் அவருக்கே. அர்தாயேவ், சர்செக்பாயேவ், சபியேவ், யெலியூசினோவ் என்று அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக்குகளில் வெல்டர்வெயிட் தங்கம் நான்கு வெவ்வேறு கஜக் வீரர்களுக்குப் போனது. உள்நாட்டுத் தேர்வில் முதலிடம் பிடிப்பதே உலகப் பட்டம் அளவுக்குக் கடினமாக இருந்த பிரிவு அது என்பதைத் தவிர இதற்கு வேறு மந்திரம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யெலியூசினோவ் பின்னர் 2018இல் தொழில்முறைக்குப் போனார்.

2013இல் கணினிப் புள்ளி முறை ஒழிக்கப்பட்டு, தொழில்முறையைப் போன்ற பத்துப் புள்ளிக் கணக்கு வந்தது. முதல்நிலை ஆண்கள் போட்டிகளில் தலைக்கவசமும் நீக்கப்பட்டது. எனவே அந்த இருபது ஆண்டு முறையின்கீழ் வால் பார்க்கர் கோப்பையைப் பெற்ற கடைசி வீரர் சபியேவ். அவருடைய ஆட்டங்களைப் பார்க்க விரும்பினால், முதலில் 2008இன் மனுஸ் ஆட்டத்தைப் பாருங்கள்; உடனே 2012இன் சம்கவோய் அரையிறுதியைப் பாருங்கள். இரண்டிலும் கைகளைக் கவனிக்காமல், அவருடைய முன்னங்கால், அதாவது வலது பாதம், எதிராளியின் முன்பாதத்துக்கு எந்தப் பக்கம் போய் ஊன்றுகிறது என்பதை மட்டும் ஒரு சுற்று முழுக்கக் கவனியுங்கள். நேரம் இருந்தால் அதன்பிறகு எவன்ஸோடு ஆடிய இறுதிக்கு வரலாம்.